செவ்வாயின் பொய்நிறப் படத்தைப் படிப்பது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு மேலே சாலையை அகலப்படுத்த மண்ணை வெட்டியிருக்கிறார்கள். மேலே ஆளுயரத்துக்குச் செம்மண், அடியில் நீலம் ஓடிய கருங்கல். வெட்டாத இடத்தில் இந்தக் கல் இருப்பதே தெரியாது. செவ்வாயிலும் இதே சிக்கல்தான். இங்கே பாறையே மக்கிச் செம்மண் ஆனது, அங்கே காற்று தூசியைக் கொண்டுவந்து போர்த்துகிறது. தூசி விலகிய இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் பொய்நிறப் படம், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் நிறமாக மாற்றிக் காட்டும் படம்.

முதலில் படத்தை எடுங்கள். 2006இல் செவ்வாயை அடைந்த நாசாவின் மார்ஸ் ரீகனைசன்ஸ் ஆர்பிட்டரில் ஹைரைஸ் என்ற கேமரா இருக்கிறது. அதன் படங்கள் அரிசோனா பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். செவ்வாயிலுள்ள ஜெசீரோ (Jezero) பள்ளத்தைத் தேடி, 'ஐஆர்பி' (IRB) என்ற பொய்நிற வகைப் படத்தைத் திறங்கள். சுமார் 6 கி.மீ. அகலப் படத்தில் நடுவே 1.2 கி.மீ. பட்டைக்கு மட்டுமே நிறம் இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். விண்கலம் அங்கே பிற்பகல் 3 மணி வாக்கில் கடக்கிறது. வடக்கு மேலே இருக்கும் படத்தில் வெயில் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து விழும். படத்தில் தெரியும் வட்ட வடிவத்தின் உள்ளே இடது ஓரம் இருண்டிருந்தால் பள்ளம், வலப்பக்கம் நிழல் விழுந்தால் மேடு. இதைப் பார்க்காமல் நிறத்துக்குத் தாவினால் குழியைக் குன்று என்று படித்துவிடுவீர்கள்.

சரி, இப்போது நிறம். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், நீலப்பச்சையை நீலமாகவும் காட்டுகிறார்கள். தூசியிலுள்ள துருப்பிடித்த இரும்பு நீல ஒளியை விழுங்கும், அதனால் தூசி செம்மஞ்சளாகத் தெரியும். பசால்ட் என்ற எரிமலைப் பாறை மணலிலுள்ள பைராக்சின், ஆலிவின் கனிமங்கள் அகச்சிவப்பை விழுங்கும், சிவப்புப் பங்கு குறைந்து மணல்மேடு நீலமாகிவிடும். நம் தேயிலைத் தோட்டம் செயற்கைக்கோள் பொய்நிறப் படத்தில் சிவப்பாக வருவதும் இதே கணக்குதான்: இலை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே நீலத்தைக் கண்டதும் தண்ணீர் என்று நினைக்காதீர்கள்.

ஒவ்வொரு படத்திலும் நிற வேறுபாட்டைத் தனித்தனியே தூக்கலாக்கியிருப்பார்கள். ஒரு படத்தின் நீலத்தை இன்னொன்றின் நீலத்தோடு ஒப்பிடுவது தவறு. கனிமத்தின் பெயரை உறுதிசெய்ய, அதே விண்கலத்தின் கிரிசம் (CRISM) என்ற நிறமாலைக் கருவி, ஒளியை நுணுக்கமாகப் பிரித்துப் பதிந்த தரவு வேண்டும்.

அப்புறம், செங்குத்தான சரிவுகளைப் பெரிதாக்குங்கள். அங்கே தூசி தங்காது, அடுக்குகள் வெளியே தெரியும். ஜெசீரோவின் பழைய டெல்டா விளிம்பில் தொடங்குவது நல்லது. நிறமும் சொரசொரப்பும் சேர்ந்து மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். உங்கள் நிலவியல் வரைபடத்தின் முதல் எல்லைக்கோடு அது.