கீமோ ஓடும் பிள்ளைக்கு அம்மை போட்டால்

மாசி, பங்குனியில் பூச்சாட்டிக் கம்பம் நட்டால் நம் பக்கம் சின்னம்மையும் வரும் காலம் அது. நல்ல உடம்புள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். ஆனால் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ ஓடுகிற பிள்ளை, சிறுநீரகம் மாற்றி வைத்த பையன், மாசக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிற பொண்ணு, இவர்களுக்கு அதே கிருமி நுரையீரல், கல்லீரல், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் முதல் முத்தைப் பார்த்ததும், ராத்திரி பதினோரு மணியானாலும், சிகிச்சை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். அசைக்ளோவிர் மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள், அதை முத்து கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. அங்கே போனதும் ஓ.பி. வரிசையில் உட்காராமல் "அம்மை போட்டிருக்கு, கீமோ ஓடுது" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அதே வரிசையில் இதே நிலைமையில் இன்னும் நாலு பிள்ளைகள் இருப்பார்கள்.

வீட்டில் அப்பத்தா "மூணு தண்ணி ஊத்தட்டும் சாமி, ஆத்தா கோவிச்சுக்குவா" என்பார். அவரிடம் சண்டை வேண்டாம். "வாசல்ல வேப்பிலை கட்டிட்டுத்தான் கிளம்பறோம் அப்பத்தா, மருந்து மட்டும் இன்னைக்கே ஏத்தியாகணுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் அவரே துண்டெடுத்துக்கொண்டு கூட வருவார். முத்தின் மேல் எதையும் அரைத்துப் பூசாதீர்கள்.

காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடவே கூடாது. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. மூச்சு வாங்கினாலோ, முத்தில் ரத்தம் கட்டினாலோ, பிள்ளை மயக்கமாகக் கிடந்தாலோ 108. சிலருக்கு முத்து தெரிவதற்கு முன்பே வயிறு தாங்க முடியாமல் வலிக்கும், அதையும் சாதாரண வலி என்று விடாதீர்கள்.

இன்னும் அம்மை வரவில்லை, ஆனால் அம்மை போட்ட பிள்ளையோடு விளையாடியது என்றால்? அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். முத்து தெரிவதற்கு ரெண்டு நாள் முன்னாலிருந்தே அது தொற்றும். தடுப்புக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி (கிருமியை எதிர்க்கும் புரதத்தைத் தயாராகவே உடம்பில் ஏற்றுவது, தடுப்பூசி இல்லை) உண்டு, முடிந்தால் 4 நாளுக்குள், தாமதமானாலும் 10 நாளுக்குள் போட வேண்டும். ஊசி போட்ட பிறகும் 28 நாள் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பெரியவர்களுக்கு வரும் அக்கியும் இதே கிருமிதான். அப்பாருவுக்கு அக்கி எழுதியிருந்தால், கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பேரனைப் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம்.

சின்னம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, அதனால் கீமோ ஓடும்போது அந்தப் பிள்ளைக்குப் போட மாட்டார்கள். இதுவரை அம்மை வராத அண்ணன், தங்கச்சிக்கு டாக்டரைக் கேட்டு ரெண்டு தவணையும் போட்டுவிடுங்கள்.