குழந்தைக்கான ஜீவனாம்சம்: பிரிந்த பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவனும் மனைவியும் பிரிந்த பிறகு, குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தங்கள் இருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாகவே பார்க்கத் தொடங்குகிறார்கள். நீதிமன்றத்தில் காணும் பெரும்பாலான சிக்கல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அந்தத் தொகை குழந்தையின் உரிமை. வளர்ப்பவர் அதைப் பெற்றுச் செலவிடும் பொறுப்பில் இருக்கிறார், அவ்வளவே. ஆகவே, பரஸ்பர சம்மத விவாகரத்தின்போது வழக்கு முடிந்தால் போதும் என்ற களைப்பில் "குழந்தைக்காக எதுவும் கேட்க மாட்டேன்" என்று தாய் எழுதிக் கொடுத்தாலும், குழந்தையின் உரிமை பறிபோய்விடாது. எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று மனுத் தாக்கல் செய்யாமல் இருப்பதும், அந்தத் தாளை நம்பித் தந்தை பணத்தை நிறுத்துவதும் தவறு.

"குழந்தையைக் காட்டவில்லை, பணம் தர மாட்டேன்" என்பதும், "பணம் வரவில்லை, குழந்தையைக் காட்ட மாட்டேன்" என்பதும் இதே வகைதான். பார்க்கும் உரிமையும் பராமரிப்பும் தனித்தனி. ஒன்று மறுக்கப்பட்டால் அதற்கென மனுப் போட வேண்டுமே தவிர, மற்றதை நிறுத்தக் கூடாது. இரண்டு நிலையிலும் இழப்பு பிள்ளைக்குத்தான்.

விவாகரத்து வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. இதன்கீழ் ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வழக்கே தேவையில்லை; பெற்றோர் முறைப்படி மணந்திராவிட்டாலும் குழந்தைக்கு உரிமை உண்டு. மனைவி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் வகுத்துள்ளதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம்.

அதே தீர்ப்பு, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவதும், வழக்கு வந்ததும் வேலையை விடுவதும் பலன் தருவதில்லை. உடலில் வலுவுள்ளவர் உழைத்துப் பராமரிக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. தாய் சம்பாதிக்கிறார் என்பதால் தந்தையின் பொறுப்பும் நீங்காது. இருவரும் தத்தம் வருமானத்துக்கேற்பப் பங்களிக்க வேண்டும். இன்னொன்று, தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீதின்றிக் கொடுத்ததைப் பின்னாளில் நிரூபிப்பது கடினம். வங்கிக் கணக்கில் செலுத்துவதே இருவருக்கும் பாதுகாப்பு.

மிகவும் கவலை தருவது நிலுவை விஷயத்தில் காட்டும் அசட்டைதான். உத்தரவு கையில் கிடைத்ததும் பணம் தானாக வரும் என்று நினைத்து, வராதபோதும் உறவினரின் சமாதானப் பேச்சில் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் 144ஆம் பிரிவின்கீழ் வாரண்ட் மூலம் வசூலிக்க முடியும். அந்தக் காலம் கடந்தால் உரிமை அழிந்துவிடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தாலும், விரைவான வழி மூடிவிடுகிறது. பணம் கட்டாமல் சிறை சென்று வந்தால் பாக்கி தீர்ந்தது என்று சில தந்தையர் நம்புகிறார்கள். சிறை, பணத்தைக் கட்டவைப்பதற்கான நெருக்கடியே. சிறைவாசத்துக்குப் பிறகும் பாக்கி அப்படியே நிற்கும்.

பிள்ளை மேல்வகுப்புக்குப் போகும்போதோ, கொடுப்பவரின் வேலை பறிபோகும்போதோ தொகையைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளாமல், அதே சன்ஹிதாவின் 146ஆம் பிரிவின்கீழ் மாற்றி அமைக்கக் கோர வேண்டும். 18 வயதுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும் சரியல்ல: தம்மைத் தாமே பராமரிக்க இயலாத, மணமாகாத இந்து மகள், 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், வயது வந்த பிறகும் தந்தையிடம் தனியாக உரிமை கோரலாம்.