அடுப்பில் பழுதில்லை, பானையில்தான்

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகச் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் போய், சமையலறையுள்ள அடுக்குமாடி விடுதியில் பத்து நாள் தங்கினோம். வெளிச்சாப்பாடு அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. தோட்டத்து வீட்டில் புழங்கிய அலுமினியப் பானையையும் எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டையும் கையோடு கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. பானையை வைத்ததும் மூன்று முறை கூவிவிட்டு அணைந்தது. வேறு பிளக்கில் செருகினேன், கண்ணாடித் தட்டைத் துடைத்தேன். விடுதிக்காரர் அடுப்பையே மாற்றித் தந்தார். அதுவும் அப்படியே கூவியது. மூன்று நாள் கடைக்கஞ்சிதான்.

நான்காம் நாள் விடுதியின் வாணலியில் தண்ணீர் வைத்தேன். உடனே கொதித்தது!

இந்த அடுப்பு காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. அலுமினியம் அதற்குப் பிடிகொடுக்காது. குளிர்பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துப் பார்த்தேன்: பானையில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. எவர்சில்வர் குண்டானின் பக்கவாட்டிலும் ஒட்டவில்லை. குண்டானை ஓரமாக எடுத்து வைக்கப் போனவன், கவிழ்த்து அதன் அடியில் காந்தத்தை வைத்தேன், டக்கென்று கவ்விக்கொண்டது. பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடிதான் கணக்கு.

பால் காய்ச்சும் சின்னப் பாத்திரத்தின் அடியிலும் காந்தம் ஒட்டியது, ஆனாலும் அடுப்பு கூவியது. அளந்தால் அடி 10 செ.மீ.தான். பல அடுப்புகள் ஏறத்தாழ 12 செ.மீ.க்குக் குறைந்த அடியை உணர்வதில்லை.

பாலையும் குண்டானிலேயே காய்ச்சினேன். அன்றிரவு அம்மா ரசம் சோறு சாப்பிட்டார்.