ரொறன்ரோ எவ்வளவு தூரம்? கணக்கு சறுக்கும் இடங்கள்

கிளிநொச்சிப் பக்கம் கனடாவில் சொந்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். “மாமா இருக்கிற ரொறன்ரோ எவ்வளவு தூரம்?” என்று பிள்ளை கேட்டால், சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிமட்டத்தை வைத்துவிடுகிறோம். முதல் சறுக்கல் அங்கேதான்.

கொழும்பையும் ரொறன்ரோவையும் தட்டைப் படத்தில் கோடு போட்டு இணைத்தால், அது அரபிக்கடல், சகாரா, அத்திலாந்திக் என்று போகும். அந்தக் கோட்டில் திசை மாறாமல் பறந்தால் ஏறக்குறைய 16,100 கிலோமீற்றர். ஆனால் பூமி உருண்டை. மிகக் குறுகிய வழி கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து வடக்கே, கொஞ்சம் மேற்காக ஏறி, கசகஸ்தான், ரஷ்யா தாண்டி, கிறீன்லாந்துக்கு மேலாகக் கனடாவில் இறங்குகிறது. அது ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நம்பாவிட்டால் ஒரு தோடம்பழத்தில் இரண்டு குண்டூசி குத்தி நூலை இழுத்துப் பாருங்கள். இறுக்க இறுக்க நூல் தானாக மேலே ஏறும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பிழை. கட்டுநாயக்க விமான நிலையத்தின் நெட்டாங்கு, அதாவது கிழக்கு மேற்காக இடத்தைச் சொல்லும் எண், 79.9 பாகை கிழக்கு. ரொறன்ரோ விமான நிலையத்தினது 79.6 பாகை மேற்கு. எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், பக்கம்தான் வேறு. மேற்கு என்றால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும். கணினியில் அதை மறந்தால் விடை 4,000 கிலோமீற்றர் சொச்சம் என்று வரும். மாமா கனடாவில் அல்ல, கசகஸ்தானில் இருப்பார்!

மைலையும் கிலோமீற்றரையும் குழப்புவதும் உண்டு. கொழும்பு–ரொறன்ரோ 8,700 மைல். கொழும்பு–லண்டன் 8,700 கிலோமீற்றர். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் லண்டனும் ரொறன்ரோவும் ஒரே தூரம் ஆகிவிடும்.

இடையில் இறங்கி ஏறினால் தூரம் எக்கச்சக்கமாகக் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். டுபாய் வழியாகப் போனால் 3,300 கிட்டவும் 11,100 கிட்டவும், கூட்டினால் 14,400. லண்டன் வழியாகவும் ஏறக்குறைய அதேதான். கூடுவது 400 கிலோமீற்றர்தான். உண்மையில் கூடுவது காத்திருக்கும் நேரம். அதனால் தூரத்தை மணிக்கு 900 கிலோமீற்றரால் வகுத்து, “பதினைந்தரை மணித்தியாலத்தில் வந்துவிடுவார்” என்று சோறு வைக்காதீர்கள். ரிக்கற்றில் உள்ள இரண்டு நேரங்களையும் நேரே கழிப்பதும் பிழை. அவை அந்தந்த ஊர் நேரங்கள். ரொறன்ரோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை.

அப்புறம், விமானத் தூரம் கட்டுநாயக்கவில் முடிந்துவிடும். அங்கிருந்து கிளிநொச்சிக்கு வானில் இன்னும் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கும் தூரமே 360தான்.