நாம் ஆடிய பூங்காவுக்கு நம் பிள்ளைகளுடன் திரும்பிப் போவது எப்படி?

சிறு வயதில் நாம் ஆடிக் களித்த கேளிக்கைப் பூங்காவுக்குப் பல ஆண்டுகள் கழித்து நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, ஒரே வாயிலின் வழியாக இரண்டு பயணங்கள் உள்ளே நுழைகின்றன. ஒன்று, மனத்தில் பதிந்திருக்கும் பழைய பூங்காவைத் தேடி நாம் போவது. மற்றொன்று, அதைப் பற்றி எதுவுமே அறியாத குழந்தை முதன்முறையாக அதைக் காண்பது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அந்த நாள் இரு தரப்புக்கும் கெட்டுவிடும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். மகளுக்கு ஆறு வயதும் மகனுக்கு மூன்று வயதுமாக இருந்தபோது முதன்முறை அழைத்துச் சென்று, என் நினைவில் இருந்த வரிசைப்படியே ஒவ்வோர் இடமாக அவர்களை இழுத்துக்கொண்டு போனேன். நண்பகலுக்குள் மகன் அழுது ஓய்ந்து என் தோளிலேயே உறங்கிவிட்டான். மகளோ உயரம் போதாது என்று இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டு முகம் வாடிப்போனாள். அடுத்த ஆண்டு வேறு விதமாகத் திட்டமிட்டுப் போனோம். அவ்விரு பயணங்களிலும் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் நினைவுக்கு எத்தனை வயது என்று கணக்கிடுங்கள்

பூங்கா என்றதும் உங்கள் மனத்தில் எழும் காட்சிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் நடந்தபோது உங்களுக்கு எத்தனை வயது என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்வுகள் எதுவும் நினைவில் நிற்பதில்லை. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளும் துண்டு துண்டாகவே இருக்கும். எனவே நாம் கொண்டாடும் பூங்கா நினைவு எட்டு அல்லது பத்து வயதில் உருவானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வயது தெரியாவிட்டால் பழைய புகைப்படங்களைப் பாருங்கள், உடன்பிறந்தவர்களைக் கேளுங்கள், அல்லது நினைவிலேயே தடயம் தேடுங்கள்: ரோலர் கோஸ்டரில் பெரியவர் துணையின்றி அமர்ந்தது நினைவிருக்கிறது என்றால் அப்போது நீங்கள் மிகச் சிறு பிள்ளையாக இருந்திருக்க முடியாது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், நான்கு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறத்தாழ 103 செ.மீ.; எட்டு வயதில் அது 127 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். இந்த 24 செ.மீ. இடைவெளிக்குள்தான் பூங்காவின் பெரிய ராட்டினங்களில் பலவற்றின் கதவு திறக்கிறது. நீங்கள் நேசித்த பூங்கா உங்கள் பிள்ளைக்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்குத் திறக்கவே திறக்காது என்பது இப்போதே தெரிந்துவிட்டால், அன்று அவனிடமோ அவளிடமோ எதிர்பார்க்கக் கூடாததை எதிர்பார்க்க மாட்டீர்கள். அந்தத் தாளில் உள்ளவற்றுள் பிள்ளையின் இப்போதைய வயதுக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வட்டமிடுங்கள். என் பட்டியலில் பதினோரு இடங்கள் இருந்தன. இரண்டாம் பயணத்தில் நான் வைத்துக்கொண்டது குதிரை ராட்டினம் ஒன்றைத்தான்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பிற்காலத்தில் இந்த நாளை நினைவுகூர வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. அன்று அந்தக் குழந்தை அடையும் மகிழ்ச்சி அன்றைக்கே நிறைவானது. ஆனால் காலமெல்லாம் நினைவில் வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் திணிப்பதைத் தவிர்க்கலாம்.

மாறியவற்றை வீட்டிலேயே பார்த்து முடித்துவிடுங்கள்

கேளிக்கைப் பூங்காக்கள் பழையனவற்றைக் கழித்துப் புதியன சேர்த்துக்கொண்டே இருப்பவை. டென்மார்க்கின் டிவோலி பூங்காவில் 1914-இல் அமைத்த மர ரோலர் கோஸ்டரில் இன்றும் ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிப்பவர் ஒருவர் அமர்ந்து ஓட்டுகிறார்; வியன்னாவின் ராட்சத ராட்டினம் 1897 முதல் அதே இடத்தில் நிற்கிறது. ஆனால் இப்படித் தாத்தாவும் பேரனும் ஒரே ராட்டினத்தில் ஏறும் பேறு எல்லாப் பூங்காக்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே பூங்காவின் இப்போதைய வரைபடத்தையும், பராமரிப்புக்காக மூடப்பட்டவற்றின் பட்டியலையும் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். நீங்கள் தேடும் ராட்டினம் இல்லை என்ற ஏமாற்றத்தை வீட்டில் தனியாக இருக்கும்போது ஏற்றுக்கொள்வது எளிது. அதே ஏமாற்றம் பூங்காவின் நடுவில் வந்தால் குழந்தை அதை உங்கள் முகத்தில் படித்துவிடும்.

இன்னொன்றுக்கும் மனத்தை ஆயத்தப்படுத்துங்கள்: எல்லாமே சிறியதாகத் தெரியும். அன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்த கண்கள் இன்று ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கின்றன. அன்று முடிவே இல்லாமல் நீண்ட பாதையை இன்று ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். அதன் பழைய அளவைக் காண விரும்பினால் ஓரிடத்தில் பிள்ளைக்கு அருகில் மண்டியிட்டு, அவன் கண்மட்டத்திலிருந்து மேலே பாருங்கள். நான் செய்து பார்த்தேன், பூங்கா வளர்ந்துவிட்டது.

உயரத்தை முன்பே அளந்து, முன்பே சொல்லுங்கள்

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, காலணி இல்லாமல் அளந்து, பூங்கா வெளியிட்டிருக்கும் உயர வரம்புகளோடு ஒப்பிடுங்கள். வரம்புகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்: தனியாக ஏறுவதற்கான குறைந்த அளவு, பெரியவர் துணையுடன் ஏறுவதற்கான குறைந்த அளவு, மழலையர் ராட்டினங்களுக்கான அதிக அளவு. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. மூத்த பிள்ளை தம்பியோடு ஏற முடியாமல் போவது இதனால்தான். ஏறக்கூடியவற்றை மட்டும் பெயர் சொல்லி, படம் காட்டி வீட்டிலேயே பேசுங்கள். ஏற முடியாதவற்றையும் மறைக்காமல், “இதற்கு இன்னும் நான்கு விரல் வளர வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்று, அளவுகோலின் அருகில் வந்த பிறகு அந்தச் செய்தியைக் கேட்பது குழந்தைக்குப் பெரிய அவமானம்.

தடித்த அடிப்பாகம் உள்ள காலணி போட்டு ஒரு விரல் உயரத்தைக் கூட்டிவிடலாம் என்ற எண்ணம் ஒருபோதும் வேண்டாம். மடிமேல் இறங்கும் தடுப்புக் கம்பியும் தோளைப் பிடிக்கும் பட்டையும் குறிப்பிட்ட உடலளவுக்காக வடிவமைக்கப்பட்டவை. அதற்குக் குறைவான உடல் இருக்கையில் பொருந்தி நிற்காது என்பதற்காகவே அந்த எல்லையை வகுத்திருக்கிறார்கள்.

எந்த ராட்டினத்தில் எந்த இடத்தில் அமர்வது

இங்கேதான் நம் பழைய அனுபவம் உண்மையில் பயன்படுகிறது. ஒரே ராட்டினத்துக்குள்ளேயே மென்மையான இடமும் வேகமான இடமும் உண்டு என்பதை அறிந்தவர்கள், குழந்தையைப் படிப்படியாகப் பழக்கலாம். குதிரை ராட்டினத்தில் உள்வரிசைக் குதிரையும் வெளிவரிசைக் குதிரையும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆனால் வெளிக்குதிரை கடக்கும் தொலைவு அதிகம் என்பதால் அதன் வேகமும் அதிகம். ஆகவே முதல் சுற்றுக்கு உள்வரிசையில், மேலும் கீழும் அசையாத குதிரையையோ பெட்டி இருக்கையையோ தேர்ந்தெடுங்கள். ஊஞ்சல்போல் ஆடும் கப்பலில் இரு முனைகள்தாம் மிக உயரம் போகின்றன. நடு இருக்கைகளில் அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறையும். ரோலர் கோஸ்டரின் கடைசிப் பெட்டி, முன்பெட்டிகள் சரிவில் இறங்கும் இழுப்பினால் உச்சியை வேகமாகத் தாண்டி வயிற்றைத் தூக்கிப்போடும். முன்பெட்டியில் காட்சி அச்சுறுத்தும். சிறுவர்களின் முதல் பயணத்துக்கு நடுப்பெட்டியே ஏற்றது. சுழலும் கோப்பைகளில் நடுவிலுள்ள சக்கரத்தை நாம் திருப்பாமல் விட்டாலே சுழற்சி வெகுவாகத் தணிந்துவிடும்.

வேகமாகச் சுழலும் ராட்டினங்களில் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படும். அதனால் பெரியவர் வெளிப்பக்கமும் குழந்தை உட்பக்கமும் அமர வேண்டும். மாற்றி அமர்ந்தால் நம் முழு எடையும் குழந்தையை நெருக்கும். அங்குள்ள பணியாளர் வேறு விதமாக அமரச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஏறுவதற்கு முன் ஒரு முழுச் சுற்றையும் வெளியில் நின்று குழந்தையோடு பாருங்கள். “பயப்படாதே” என்ற சொல் எந்தக் குழந்தையின் பயத்தையும் போக்கி நான் பார்த்ததில்லை. என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்வதே உதவுகிறது: முதலில் கம்பி இறங்கும், ‘டக்’ என்று ஓசை கேட்கும், பிறகு மெல்ல மேலே போகும், உச்சியில் சிறிது நேரம் நிற்கும், இரண்டு மூன்று நிமிடங்களில் இறங்கிவிடலாம். இருட்டறை வழியே செல்லும் வண்டிகளும், பெரிய தலை அணிந்த பொம்மை வேடக்காரர்களும் நமக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளைப் பெரிய ராட்டினத்தைவிட அதிகமாக அச்சுறுத்தக்கூடும். வேடக்காரரின் அருகில் குழந்தையைத் தள்ளிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். தூரத்தில் நின்று கையசைக்க விடுங்கள், அவனாக நெருங்கினால் நெருங்கட்டும். வரிசையின் கடைசி நொடியில் “வேண்டாம்” என்றாலும் முகம் சுளிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். “உன் வயதில் நான் இதில் தனியாகவே ஏறினேன்” என்ற ஒப்பீட்டை அந்த நாள் முழுவதும் நாவிலிருந்து விலக்கி வையுங்கள். முன்பே பார்த்தபடி, பெரும்பாலும் அது உண்மையாகவும் இராது.

நம் உடலையும் மறக்கக் கூடாது. சுழற்சியால் வரும் தலைச்சுற்றலும் குமட்டலும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரிது. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை அதிகம். ஆனால் சிறு வயதில் எத்தனை சுற்றுகளையும் தாங்கிய பலருக்கு முப்பது நாற்பது வயதில் ஒரே சுற்றில் உலகம் சுழல்கிறது. பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு நம்முடையது என்பதால் மென்மையான ஒன்றில் முதலில் ஏறிப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தீர்மானியுங்கள். கருவுற்றவர்களும், முதுகு, கழுத்து, இதயத் தொல்லை உடையவர்களும் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் எதிலும் ஏறக் கூடாது.

நாளை வகுக்கும் முறை

விடுமுறையல்லாத வார நாளே சிறந்தது. வாயில் திறப்பதற்கு முன்பே போய்விடுங்கள். கூட்டம் முன்பகுதியில் தேங்கும் அந்த முதல் மணி நேரத்தில் பூங்காவின் கடைக்கோடிக்குச் சென்று அங்கிருந்து திரும்பி வாருங்கள். நண்பகலை நிழலுக்கும் உணவுக்கும் உறக்கத்துக்கும் ஒதுக்குங்கள். வழக்கமாகப் பகலில் உறங்கும் குழந்தை பூங்காவிலும் உறங்கியே ஆக வேண்டும். தள்ளுவண்டியைப் பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தாலும் அன்று ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது. வெயில் காப்புக் களிம்பை வெளியே வருவதற்குக் கால் மணி நேரம் முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரில் நனைந்த பிறகும் மீண்டும் பூசுங்கள். தாகம் என்று குழந்தை சொல்லும் வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். மாற்றுடை இரண்டு வேண்டும்.

நீர் விளையாட்டுப் பகுதியில் ஒரு விதி உண்டு: நீச்சல் தெரியாத குழந்தை எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைத்து உதவி கேட்பதும் இல்லை, சத்தமின்றி மூழ்கிவிடும். உயிர்காப்பாளர் இருக்கிறார் என்பதற்காகக் கைபேசியைப் பார்க்கும் பெற்றோரை அங்கே கண்டபோதெல்லாம் என் நெஞ்சு பதறியிருக்கிறது.

குழந்தை தவறிப்போகாமல் இருக்க, அன்று காலை அணிந்திருக்கும் உடையுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைபேசி எண்ணை மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டுங்கள். உள்ளே நுழைந்தவுடன் பணியாளரின் சீருடையை நேரில் காட்டுங்கள். “அம்மாவையோ அப்பாவையோ காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், இந்தச் சட்டை போட்டவரிடம் சொல்” என்பதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வையுங்கள்.

பெரியவர்களுக்கான உங்கள் பழைய ராட்டினத்தில் ஏறும் ஆசை இருந்தால் அதை அடக்க வேண்டியதில்லை. ஒருவர் ஏறும்போது மற்றவர் பிள்ளைகளுடன் வெளியில் நின்று, பின்னர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் வசதி பல பூங்காக்களில் உண்டு, நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள். பிள்ளையை இழுத்துப்போகாமல் தனியாக ஏறும் அந்த மூன்று நிமிடங்களில் உங்கள் பழைய பயணம் நிறைவேறிவிடும். மீதி நாளை மனக்குறையின்றிப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும்.

கதை சொல்வதும் கேட்பதும்

அந்தந்த இடத்தில் நின்று ஒரு கதை, அதுவும் சில வாக்கியங்களில், போதும். “இங்கேதான் என் ஒற்றைச் செருப்பு தண்ணீரில் போனது” என்று நான் சொன்னதை என் மகள் அன்று நான்கு முறை திரும்பக் கேட்டாள். பூங்காவின் வரலாற்றை விளக்கியபோது அவள் காதில் அது விழவே இல்லை. பழைய படம் ஒன்றை அச்சிட்டு எடுத்துச் சென்றால், அதில் உள்ள இடத்தைத் தேடுவதையே பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கலாம்.

முடிந்தால் உங்கள் பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். அன்று நாம் ராட்டினத்தின் மேலிருந்து பார்த்த அதே நாளை அவர்கள் கீழே பெஞ்சில் பைகளோடு அமர்ந்து பார்த்தவர்கள். குதிரை ராட்டினத்தின் அருகில் என் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, முதல் முறை நான் அதில் ஏற மறுத்து அழுதேன் என்பதும், என்னைத் தூக்கிக்கொண்டு அப்பா மூன்று சுற்று வெளியிலேயே நின்று பார்த்தார் என்பதும். என் நினைவில் நான் துணிச்சலாக ஓடி ஏறியவனாகவே இருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகன் என் கையைப் பிடித்து, தானும் மூன்று சுற்று பார்ப்பதாகச் சொன்னான். பார்த்தோம், நான்காவது சுற்றில் ஏறினான்.

குழந்தை சோர்ந்து விழுவதற்கு முன், இன்னும் ஒன்று பாக்கி இருக்கும்போதே புறப்படுங்கள். அன்றிரவே தேதி, ஒவ்வொருவரின் உயரம், ஏறியவை, மறுத்தவை ஆகியவற்றை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் மகன் அந்த வாரம் முழுவதும் பேசியது ராட்டினத்தைப் பற்றியன்று, கை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும் குழாயைப் பற்றி. அதையும் எழுதியிருக்கிறேன்.