வாழைத்தண்டுச் சாறு: கறுக்காமல், நார் சிக்காமல்

சிறுநீரகக் கல்லுக்காக வாழைத்தண்டுச் சாறு குடிக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் துவர்ப்பாலும் கறுத்த நிறத்தாலும்தான். இரண்டையும் சரிசெய்யலாம்.

தண்டு இளசாக, வெள்ளையாக இருக்கட்டும். முற்றியதில் நார்தான் மிஞ்சும். பட்டைகளை உரித்து, உள்தண்டு 150 கிராம் எடுத்து வில்லைகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு வில்லையிலும் நூலாக வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மிக்சி பிளேடில் சுற்றிக்கொள்ளும். நறுக்க நறுக்க 200 மில்லி நீர்மோரில் போடுங்கள். காற்றுப்பட்டுக் கறுப்பதை மோரின் புளிப்பு தடுக்கும், துவர்ப்பும் அடங்கும். கால் டீஸ்பூன் சீரகம், சிறு துண்டு இஞ்சி சேர்த்து அந்த மோரோடு அரைத்து, வடிகட்டி உடனே குடியுங்கள். உப்பு போடவே வேண்டாம். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும், அது கல்லுக்குத்தான் உதவும்.

இருக்கும் கல்லை இது கரைத்துவிடும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கல் மறுபடி வராமலிருக்க, நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடிப்பதே முதன்மை. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) கூடியவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது: தண்டில் பொட்டாசியம் அதிகம், வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.