கிராம சபைத் தீர்மானம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த நான்கு நாட்களோடு 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்ந்தன. கூட்டத்துக்கே போகாதவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. போய், மைக் பிடித்துப் பேசி, தீர்மானமும் போட வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "ஒண்ணும் நடக்கலையே" என்று நொந்துகொள்பவர்களுக்காகத்தான் இது. அந்தத் தீர்மானம் பெரும்பாலும் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலக மேசைக்கு வரும்போதே உயிரில்லாமல்தான் வரும். யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பது அதில் இருக்காது.

யாருடைய சாலை, யாருடைய ஏரி

ஊர் எல்லைக்குள் இருப்பதெல்லாம் ஊராட்சியின் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதித் தீர்மானங்கள் வீணாகின்றன. பஸ் போகும் தார்ச்சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதிலிருந்து பிரிந்து பக்கத்து ஊரை இணைப்பது ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கலாம். உட்புறத் தெருக்கள்தான் ஊராட்சிக்கு. நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் ஒரு குழியை அடைக்கக்கூட ஊராட்சித் தலைவர் தன் நிதியிலிருந்து செலவு செய்ய முடியாது. செய்தால் தணிக்கையில் மாட்டுவார். ஆகவே "தலைவர் செய்யவில்லை" என்று அவரைத் திட்டுவதில் பயனில்லை. சாலையின் பெயரையும் பழுதான இடத்தையும் குறிப்பிட்டு, நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்பும்படி தீர்மானம் இருக்க வேண்டும்.

நீர்நிலைகளிலும் இதே குழப்பம்தான். ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு, மேல் உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஊருணியும் குட்டையும் ஊராட்சியின் பராமரிப்பில் வரும். பெரிய ஏரியின் மதகு பழுதை ஊராட்சித் தீர்மானத்தில் "சரிசெய்ய முடிவு செய்யப்பட்டது" என்று எழுதி வைத்தால் அது யாரையும் கட்டுப்படுத்தாது.

மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டுமந்தை, வண்டிப்பாதை, தோப்பு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை முறைப்படுத்தும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஊராட்சிக்குத் தருகிறது. பயன்பாடு ஊராட்சியின் கையில் இருந்தாலும் நிலம் அரசுடையது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆக்கிரமிப்பு என்று வந்துவிட்டால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றுவது வருவாய்த் துறையின் வேலை. தீர்மானம் போட்ட கையோடு ஜேசிபியை இறக்கிய ஊர்களில் வழக்கு திரும்பி ஊராட்சியின் மேலேயே விழும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. புல எண் தெரிந்தால் அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அ-பதிவேட்டு (நிலத்தின் வகையைக் குறித்திருக்கும் வருவாய்ப் பதிவேடு) விவரத்தை எடுத்துவிடலாம். வகைப்பாடு என்ற கட்டத்தில் வண்டிப்பாதை, ஓடை, மந்தை என்று என்ன இருக்கிறதோ அதையே தீர்மானத்திலும் எழுதுங்கள். பேச்சு வழக்கில் "கோயில் பொட்டல்" என்பது பதிவேட்டில் களம் புறம்போக்காக இருக்கலாம். தாசில்தார் பொட்டலைத் தேட மாட்டார், புல எண்ணைத்தான் பார்ப்பார்.

டாஸ்மாக் கடைக்கு எதிரான தீர்மானங்களும் இப்படித்தான். "சமூகச் சீர்கேடு" என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். தூரம் எத்தனை மீட்டர் என்று ஒரு வரி இருக்காது. 2003ஆம் ஆண்டு மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது. கடை முதலில் வந்து பள்ளி பின்னால் வந்திருந்தால் இந்த வாதம் எடுபடாது. எனவே பள்ளி தொடங்கிய ஆண்டு, கடை திறந்த ஆண்டு, அளந்த தூரம் மூன்றும் தீர்மானத்தில் வேண்டும். அதை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும்.

"ஆவன செய்ய" என்ற சொல்

தீர்மான நோட்டில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: "மேலத்தெருவில் கழிவுநீர் தேங்குவதால் பொதுமக்கள் அவதிப்படுகின்றனர். ஆவன செய்ய மன்றம் தீர்மானிக்கிறது." படித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் ஓவர்சீயர் (பணி மேற்பார்வையாளர்) இதை வைத்துச் செலவு மதிப்பீடு போட முடியாது, எழுத்தர் கோப்பு திறக்க முடியாது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள் (எண்கள் உதாரணத்துக்கு): "மேலத்தெருவில் மாரியம்மன் கோயில் முதல் அங்கன்வாடி வரை 180 மீட்டர் நீளத்தில் 32 வீடுகளின் கழிவுநீர் தெருவில் தேங்குகிறது. இத்தெரு புல எண் 112/3இல் உள்ளது. இங்கே மூடியுடன் கூடிய கால்வாயும் முடிவில் உறிஞ்சுகுழியும் அமைக்கும் பணியை அடுத்த நிதியாண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும், ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு பெறவும், நிதிக்குழு மானியத்தின் சுகாதார ஒதுக்கீட்டில் நிதி வழங்கவும் சபை தீர்மானிக்கிறது. எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்."

நீளத்தை அளக்க 30 மீட்டர் டேப்பும் இரண்டு பேரும் போதும். கால்வாய் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும் கால்வாய்க்கு அந்த வீட்டுக்காரர் தடை ஆணை வாங்கிவிட்டால் அந்தப் பணம் அந்த ஆண்டோடு போச்சு.

ஒரே தீர்மானத்தில் சாலை, தெருவிளக்கு, ரேஷன் கடை, பஸ் நேரம் எல்லாவற்றையும் கோர்ப்பதும் பெரிய தவறு. நான்கு துறைக்கும் போக வேண்டிய காகிதம் ஒரு துறையின் கோப்பில் உட்கார்ந்துவிடும். ஒரு கோரிக்கைக்கு ஒரு தீர்மானம், தனி எண். ஊராட்சிச் செயலருக்கு எழுதக் கை வலிக்கும், பரவாயில்லை.

பணம் எந்தத் தலைப்பில்

ஊராட்சியில் பணம் இருக்கிறது என்பதும், கேட்கும் வேலைக்குப் பணம் இருக்கிறது என்பதும் வேறு வேறு. வீட்டு வரி, தொழில் வரி, மாநில மானியம் வரும் பொதுக் கணக்கு ஒன்று. மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் ஒதுக்கிய கணக்கு இன்னொன்று. திட்டப் பணிகளுக்கு வேறு கணக்கு. ஒன்றிய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021–26 காலத்துக்கு 60 சதவீதம் இன்ன வேலைக்கென்று கட்டிவைக்கப்பட்டது: 30 சதவீதம் சுகாதாரத்துக்கு, 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கு. மீதி 40 சதவீதத்தில்தான் ஊராட்சிக்குச் சற்றுக் கை நீட்ட இடமிருந்தது. நீங்கள் கேட்கும் ஆண்டில் விகிதம் என்ன என்று செயலரிடம் கேட்டுக்கொண்டு, எந்தத் தலைப்பில் இடம் இருக்கிறதோ அதில் வேலையைக் கேளுங்கள்.

நேரமும் முக்கியம். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான வேலைகள் பெரும்பாலும் அக்டோபர் 2 கூட்டத்தை ஒட்டித் தொகுக்கப்படுகின்றன. பட்டியல் ஏறிய பிறகு ஜனவரி 26இல் புதிதாக ஒரு பணி கேட்டால், மறுக்க மாட்டார்கள், எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

வரவு செலவைக் கேட்கும்போது "கணக்கு காட்டு" என்று சத்தம் போடுவதால் சண்டை மட்டும் வரும். படிவம் 30இல் உள்ள வரவு செலவுச் சுருக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அதில் மோட்டார் பழுது, பைப் லைன் பழுது, விளக்கு வாங்கியது என்ற மூன்று தலைப்புகளில் மட்டும் தேதியும் இடமும் கேளுங்கள். பெரிய கட்டுமானப் பணிக்கு மதிப்பீடு, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் பதிவு) எல்லாம் இருக்கும். சின்னப் பழுதுகளுக்கு ரசீதைத் தவிர வேறு தடயம் இராது.

கோரமும் கையெழுத்தும்

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கைதான் கோரம். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். 2,900 பேர் உள்ள ஊராட்சிக்கும் 3,100 பேர் உள்ள ஊராட்சிக்கும் தேவை இரட்டிப்பாக மாறுவதைக் கவனியுங்கள். உறுப்பினர் என்பவர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர். இருபது வருடமாக அங்கேயே குடியிருந்தாலும் ஓட்டு சென்னையில் இருந்தால் கணக்கில் வர மாட்டார். எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் எண்ணுவது இதைத்தான்.

இனி தீர்மான நோட்டைப் பார்ப்போம். வழக்கமாக நடப்பது இது: வந்தவுடன் வருகைக் கையெழுத்து, டீ, பிஸ்கட், தலைவர் உரை, கூட்டம் கலைந்த பிறகு செயலர் நிதானமாகத் தீர்மானங்களை எழுதுவார். கையெழுத்துகள் முன்பே இருக்கும், மேலே வெற்றுப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் நீங்கள் பேசியதும் வரலாம், பேசாததும் வரலாம். எனவே தீர்மானத்தை எழுதியே கொண்டுபோங்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மான எண்ணோடு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் விட்டிருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை, கோபப்படாமல் எடுங்கள்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 உடன் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாததால் கிராம சபைக்கும் அதிகாரமில்லை என்று சில ஊர்களில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. தலைவர் பதவி காலியானாலும் சபை வாக்காளர்களுடையதுதான்.

தீர்மானத்துக்கு எவ்வளவு பலம்

சபை போட்டால் கலெக்டரே மீற முடியாது என்பார்கள். ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, பயனாளிகள் போன்றவற்றில் சபையின் சொல்லுக்குச் சட்டப் பலம் உண்டு. வேறு துறை, மாநில அரசு, ஒன்றிய அரசு சார்ந்தவற்றில் அது ஊரின் நிலைப்பாடு, அதிகாரப்பூர்வமான ஆவணம். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக அந்தத் திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. நிலமெடுப்பு வேலை நிற்கவில்லை. மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் தீர்மானங்கள் நிறைவேறின. 2025 ஜனவரி 23இல் சுரங்க ஏலம் ரத்தானது. அங்கே தீர்மானம் தனியாக நிற்கவில்லை. அந்தப் பகுதியில் உள்ள அரிட்டாபட்டி 2022லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது, சட்டமன்றமும் டிசம்பரில் தீர்மானம் போட்டது, மக்கள் மதுரை வரை நடந்தார்கள்.

தீர்மானத்தில் பெசா சட்டத்தை மேற்கோள் காட்டுவதையும் பார்க்கிறோம். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கான சட்டம் அது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை. மலைக் கிராமங்களுக்குக் கைகொடுப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். ஆனால் அதன்படி கூடும் சபைக்குக் கோரம் வேறு: மொத்த உறுப்பினரில் பாதிப் பேர், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். சுதந்திர தினக் கூட்டத்துக் கையெழுத்தை வைத்து வன உரிமைக் கோரிக்கையை அனுப்பினால் திரும்பி வரும்.

ஒருவரை ஊரைவிட்டு ஒதுக்குவது, தனியார் பட்டாவைச் செல்லாது என்பது போன்ற தீர்மானங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஊராட்சிகள் சட்டத்தின் 202ஆம் பிரிவில் கலெக்டர் ரத்து செய்வார், போட்டவர்கள் மேல் வழக்கும் வரும்.

மனைப்பிரிவும் பூங்கா நிலமும்

புது நகர் உருவாகும் ஊராட்சிகளில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை நிலமாகவோ பணமாகவோ கொடுக்கலாம். பத்திரம் பதிவாகி, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறாமல் கிடக்கும் இடங்கள்தான் ஐந்து வருடத்தில் கடை வாடகைக்குப் போகின்றன. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த வரைபட நகலையும் தானப்பத்திர எண்ணையும் கேட்டு, நான்கு மூலைக்கும் கல் நட்டு, சொத்துப் பதிவேட்டில் சேர்த்ததைப் பதிவு செய்யும் தீர்மானம் ஒன்றைப் போடுங்கள். மனை வாங்கியவர்கள் குடியேறுவதற்கு முன்பே இதைச் செய்தால் வேலை எளிது. வந்த பிறகு நான்கு சங்கம் முளைத்துவிடும்.

கூட்டம் முடிந்த பிறகு

தீர்மான நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். மனுவில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை. "தீர்மான எண் இன்னது, அது அனுப்பப்பட்ட கடிதத்தின் நகல், கடிதம் போன தேதி, வந்த பதிலின் நகல், மதிப்பீடு இருந்தால் அதன் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். அலுவலகம் மாறிப் போயிருந்தால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நகரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பலரும் முதல் 30 நாள் முடிந்ததும் புது மனு எழுதி உட்காருகிறார்கள், மேல்முறையீட்டுக்கான கெடுவும் அதற்குள் ஓடிவிடுகிறது. பதிவுத் தபால் ரசீதை மனு நகலின் பின்பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.